அந்தரத்தில் ஒரு நாற்காலி

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஊர் உலகமெல்லாம் சொல்லுகிறது. சொன்னவர் எத்தனை ஏக்கர் ஆண்டார் என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை. நம்ம ஆளுக்குப் பூமியெல்லாம் வேண்டாம். அவன் ஆசைப்பட்டது ஒரே ஒரு நாற்காலிக்கு. அது தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. பதினோரு வருஷமாக அதற்குக் கீழே நின்று, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'நிதானம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலை, சிக்னல்காரன். கிரேன் ஓட்டுகிறவர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், கொக்கியில் தொங்கும் இரும்புக் கட்டு எவன் தலைக்கு மேல் வருகிறது என்று கீழேயிருந்து ஒருவன் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் கையை ஆட்டிச் சைகை காட்டுவார்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இவன் வாக்கிடாக்கியில் பேசுவான். பேசுவான் என்றால், சுமை தரையை விட்டு எழும்பியதிலிருந்து இறங்கி உட்காரும்வரை வாய் மூட மாட்டான்.

"ரோட்டுப்பக்கம் நாலடி... மூணடி... ரெண்டு... நிதானம்... நிதானம்... இப்ப இறக்குங்கண்ணே, இன்னும், இன்னும்... நிதானம்..."

இடது, வலது என்று சொன்னால் யாருடைய இடது என்ற குழப்பம் வரும். அதனால் கட்டடத்தின் நாலு பக்கத்துக்கும் அவனும் ஓட்டுநரும் தங்களுக்குள் பேர் வைத்திருந்தார்கள்: ரோட்டுப்பக்கம், பள்ளிக்கூடப்பக்கம், கிடங்குப்பக்கம், தொட்டிப்பக்கம். "யோவ், நீ சுமை இறக்குறியா, பிள்ளையைத் தூங்க வைக்கிறியா?" என்று சூப்பர்வைசர் கேலி பண்ணுவார். இவன் சிரிப்பானே தவிர பேச்சை நிறுத்த மாட்டான்.

ஓட்டுநருக்கு 'மேலண்ணன்' என்று பேர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். வயது ஐம்பத்தேழு, கனத்த உடம்பு, குரலும் அப்படியே. சொந்தத் தம்பியைக்கூட அவர் அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்; இவனை வாய்க்கு வாய் 'தம்பி' என்பார். கிரேன் ஓட்ட உரிமம் வேண்டுமானால், உரிமம் உள்ள ஓர் ஓட்டுநருடன் முந்நூறு மணி நேரம் கூண்டில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். வெறும் கொக்கியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், சுமை கூடாது. ஒவ்வொரு மணிக்கும் அந்த ஓட்டுநர் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் பரீட்சை. அதுவும் நாற்பது வயதுக்குள். நம்ம ஆளுக்கு முப்பத்தொன்பது முடிந்து ஏழு மாதம்.

ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டால், அது ஒரு பெரிய பாரதம். முதல் ஓட்டுநர் 'இன்னிக்கு வேணாம், நாளைக்கு வா' என்றே நாலு வருஷம் ஓட்டினார். அடுத்தவர் கையெழுத்துப் போட்ட நோட்டை மழையில் நனைத்துக் கூழாக்கினார். அப்புறம் பரீட்சையையே இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். "போனாப் போகுது விடுங்க. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதா?" என்பாள். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்கச் சூட்டில் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் அவன் வெங்காயம் உரிக்க, பரீட்சைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். "நாற்பது மீட்டர் தள்ளி எத்தனை டன் தூக்கலாம்?" அவன் சரியாகச் சொன்னால், "பரவாயில்லையே, வாத்தியாருக்கே வாத்தியார்!" என்பாள். இப்படியே அவளுக்கும் கிரேன் பாடம் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முந்தி, ஒரு மத்தியான வேளையில், இவனுக்குத் தும்மல் வந்தது. வெறும் தும்மல்தான். ஒன்றல்ல, தொடர்ந்து ஐந்தாறு. சிமெண்ட் தூசி. இரும்புக் கட்டு ஒன்று அப்போது கலவை மெஷினுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இவன் தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கட்டு அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

"என்னண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ பேசலையே தம்பி."

"வழி காலியாத்தானே இருக்கு? பார்த்துக் கொண்டு போயிருக்கலாமே."

மேலண்ணன், "நீ பேசு," என்றார். அந்தக் குரல் இவனுக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஏணி ஏறி மேலே போனான். மேலண்ணன் டிபன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில் காலடியில் இருந்தது. கையால் துழாவினார்; பாட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. இவன் எடுத்துக் கையில் கொடுத்தான்.

"எவ்வளவு நாளாண்ணே?"

அவர் மழுப்பவில்லை. "சர்க்கரை தம்பி. கண்ணுக்குள்ள கரும்பூச்சி பறக்குற மாதிரி ஆரம்பிச்சுது. இப்போ ஒரே மூட்டம். கைக்கு எட்டுறது தெரியும். கீழ எல்லாம் அழுக்குத் தண்ணிக்குள்ள பார்க்குற மாதிரி. நீ பேசுறதுனால ஓட்டுறேன்."

"டாக்டர் சோதனை பண்ணினாரே?"

"'கண்ணு நல்லாத் தெரியுதா?'ன்னார். தெரியுதுன்னேன். எழுதிக்கிட்டாரு." அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "எனக்கு இன்னும் எட்டு மாசம் சர்வீஸ். உன் பரீட்சையும் அப்போதான். உனக்கு உரிமம் வந்த மறுநாள் நானே இறங்கிடறேன். இந்தச் சீட்டு உனக்குத்தான்னு ஆபீஸ்ல சொல்லியாச்சு. நீ இப்போ வாயைத் திறந்தேன்னா, உன் நோட்டுல இருக்கற என் கையெழுத்து அத்தனையும் குப்பைக்குப் போகும். நினைச்சுப் பாரு. கண்ணு தெரியாதவன் போட்ட கையெழுத்து செல்லுமா?"

இவன் நினைத்துப் பார்த்தான். இருநூற்றுப் பத்து மணி நேரம். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் நாற்பதைத் தாண்டிவிடும்.

"பொறுத்ததே பொறுத்தே," என்றார் மேலண்ணன். "இன்னும் எட்டு மாசம்."

அவன் கெட்டவன் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு கேட்காது. அவன் தனக்குள் ஒரு கணக்குப் போட்டான்: இத்தனை நாளும் என் பேச்சில்தானே கிரேன் ஓடியது? ஒரு கீறல் உண்டா? இனிமேல் இன்னும் கவனமாகப் பேசினால் போகிறது. நல்ல மனசுக்காரன் தப்புப் பண்ணும்போதுதான் இப்படி அழகாகக் காரணம் கண்டுபிடிப்பான்.

அன்றிலிருந்து அவன் லீவு போடவில்லை. காய்ச்சலோடு வந்தான். தொண்டை கட்டினால் வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினான். தும்மல் வந்தால் முதலில் "நில்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தும்மினான். "இந்த மாதிரி கடமை வீரனை நான் பார்த்ததே இல்லை," என்று சூப்பர்வைசர் ஆபீசில் சொன்னாராம். கேட்டபோது இவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அவன் பயம் முழுக்க ஓர் இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அங்கேதான் வேலை பார்த்தான். கொக்கியில் சுமை கட்டுகிறவன். முப்பது வயது. காலில் சக்கரம் கட்டியவன் மாதிரி அலைவான். இவன்தான் சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டது. சுமையை மாட்டிவிட்டு, ஒதுங்கி நில்லுடா என்றால் ஒதுங்க மாட்டான்; கொக்கிக்குக் கீழேயே நின்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பான். அந்த எட்டு மாதத்தில்தான் அவனுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

"மாப்ள, தள்ளி நில்லு!"

"மாமா, நீங்க இருக்கறப்போ எனக்கென்ன பயம்?"

இதைக் கேட்கும்போதெல்லாம் இவனுக்குச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரைக்கும் வரும். அவனிடம் சொன்னால் அக்காவிடம் சொல்லுவான். அவளிடம் சொன்னால் அன்றைக்கே தளத்துக்கு வந்து சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் நிற்பாள். அவளை இவனுக்குத் தெரியாதா? அதனால் மென்று முழுங்கினான்.

மைத்துனனுக்கும் ஓர் ஆசை இருந்தது. மாமா மேலே போனதும் அந்தச் சிக்னல் வேலை தனக்கு வர வேண்டும். அதற்காகக் கைச்சைகை எல்லாவற்றையும் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். முஷ்டியை மூடினால் நிறுத்து, உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. "எதுக்கு மாமா தொண்டை வத்தக் கத்துறீங்க? கையைக் காட்டினா முடிஞ்சுது!" என்பான். இவன் வேறு பக்கம் பார்ப்பான்.

ஒருவழியாகப் பரீட்சைத் தேதி வந்தது. இந்தத் தடவை தள்ளிப் போகவில்லை. மேலண்ணன் முந்தின வாரமே வாக்குக் கொடுத்தார்: "அன்னிக்கு நான் லீவு தம்பி. வயித்து வலின்னு சொல்லிடறேன். நீ இல்லாம நான் ஒரு ஆணியைக்கூடத் தூக்க மாட்டேன். நிம்மதியாப் போய் எழுது." முந்நூறாவது மணிக்கான கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து கோட்டை விட்டு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. இவன் அதைப் பார்க்காதது போல நோட்டை மூடினான்.

பரீட்சை அன்று காலை மனைவி அவன் சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்டிருந்தாள். "பதட்டப்படாதீங்க. தெரிஞ்சதைத்தான் கேப்பாங்க," என்றாள். பஸ்ஸில் போகும்போது பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது.

பரீட்சைக் கூடத்தின் வாசலில் போனை வாங்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் இவனுக்கு முன்னால் நாலு பேர். கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்தான். மைத்துனனிடமிருந்து செய்தி வந்திருந்தது.

'மாமா, இன்னிக்கு நான்தான் சிக்னல்! பன்னிரண்டாம் மாடிக்குக் கண்ணாடிப் பலகை ஏத்துறோம். இன்னிக்கே ஏத்தியாகணும்னு சூப்பர்வைசரே மேலண்ணன் வீட்டுக்குப் போய், விடாம வற்புறுத்திக் கூட்டிட்டு வந்துட்டார். அக்காகிட்ட சொல்லாதீங்க, நானே சொல்லணும்.'

மேலண்ணனுக்குப் போன் அடித்தான்; கூண்டுக்குள் போனைத் திறந்து வைக்கக் கூடாது என்பதால் அணைந்திருந்தது. மைத்துனனுக்கு அடித்தான், அடித்து அடித்து ஓய்ந்தது. சிக்னல்காரன் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது இவனே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு. மூன்றாவதாகச் சூப்பர்வைசருக்கு அடித்தான். அவர் எடுத்தார்.

"என்னய்யா, பரீட்சை எழுதலையா?"

இரண்டே வார்த்தை. 'கண்ணு தெரியல'. அதைச் சொல்லியிருந்தால் போதும். முன்னால் நின்றவன் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

"சார்... மைத்துனன்கிட்ட சொல்லுங்க. கையை மட்டும் காட்டிட்டு இருக்க வேணாம். வாக்கியில பேசிக்கிட்டே இருக்கணும். நிறுத்தவே கூடாது. அண்ணனுக்கு அப்படித்தான் பழக்கம்."

"அட, இதுக்கா போன்? சொல்றேன், சொல்றேன். நீ இல்லேன்னா உலகமே நின்னுடும்னு நினைப்பு! போய் எழுதுய்யா."

போனை உறையில் போட்டுக் கொடுத்தான். உள்ளே போய் உட்கார்ந்தான். சொல்லியாகிவிட்டது, சொல்லியாகிவிட்டது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். எதைச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

கேள்வித்தாள் சுலபம். அவளோடு வெங்காயம் உரித்துக்கொண்டே படித்ததுதான் எல்லாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கை தானாக எழுதியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தின் கிளைகள் ஆட ஆரம்பித்தன. காற்று. கண்ணாடிப் பலகை என்றால் காற்றுக்குப் பாய் மாதிரி. கயிற்றைப் பிடித்து ஆட்கள் நின்றாலும் இழுத்துக்கொண்டு போகும். அவன் கிளையைப் பார்க்கக் கூடாது என்று தாளைக் குனிந்து பார்த்தான்.

பதினேழாவது கேள்வி: 'சிக்னல் கொடுப்பவரைக் கிரேன் ஓட்டுநரால் பார்க்க முடியாத நிலை ஏற்பட்டால், முதலில் செய்ய வேண்டியது என்ன?'

'உடனே வேலையை நிறுத்த வேண்டும்' என்று எழுதினான். எழுதிவிட்டு, தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று மதிப்பெண் கேள்வி. முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். எட்டு மாதமாக இந்தப் பதில் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

எழுந்தான்.

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது," என்றார் காவலுக்கு நின்றவர். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. ஏன் அவசரப்படுறீங்க?"

அவன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். சூப்பர்வைசர் இந்தத் தடவை எடுக்க நேரமானது.

"சார், நிறுத்துங்க. மேலண்ணனுக்குக் கண்ணு தெரியாது."

"என்னய்யா உளர்றே?"

"கீழ நடக்கறது எதுவும் அவருக்குத் தெரியாது சார். என் பேச்சைக் கேட்டுத்தான் ஓட்டுறாரு. எனக்கு எட்டு மாசமாத் தெரியும். நிறுத்துங்க சார்!"

அவர் யாரையோ பார்த்து நிறுத்து, நிறுத்து என்று கத்துவது கேட்டது. போனுக்குத் திரும்பியபோது குரல் கீச்சென்றிருந்தது.

"நின்னுடுச்சு. ஆனா பலகை வெளிய தொங்குதுய்யா! பன்னிரண்டாம் மாடி விளிம்புல, சிக்னல் கொடுக்க மேல போன உன் மைத்துனனும் இன்னொருத்தனும் கயிற்றைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. விட்டா சுத்திக்கிட்டுக் கட்டடத்துல அடிக்கும். உன் மைத்துனன் வாக்கியில 'இந்தப் பக்கம், இந்தப் பக்கம்'னு சொல்லிக் கையைக் காட்டுறான், அவரு எந்தப் பக்கம்னு கேக்குறாரு... வாய்யா, சீக்கிரம் வாய்யா!"

டாக்சியில் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தை என்னால் சொல்ல முடியாது. அவனைக் கேட்டால் அவனாலும் முடியாது.

தளத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்த கண்ணாடிப் பலகை, பன்னிரண்டாம் மாடிக்குச் சற்று மேலே, வெயிலில் பளபளத்துக்கொண்டு மெல்லத் திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது.

"நீயே மேல ஏறி ஓட்டிடேன்!" என்றார் சூப்பர்வைசர். பதினோரு வருஷமாக அவன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஏணி ஏறி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகும், காற்று அதுவரை பொறுக்காது. வெறும் கொக்கியைத் தவிர அவன் எதையும் தூக்கியதும் இல்லை. வாக்கியை வாங்கிக்கொண்டு லிப்டில் பன்னிரண்டாம் மாடிக்குப் போனான்.

மைத்துனன் விளிம்பில், கால்களை அகட்டி ஊன்றி, கயிற்றை முழங்கையில் சுற்றிப் பிடித்திருந்தான். உள்ளங்கை உரிந்து கயிறு சிவந்திருந்தது. பலகையின் அடி அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது; வேறெதுவும் அவனுக்கு இன்னும் தெரியாது. இவன் போய் அவன் பக்கத்திலேயே, அதே பலகைக்குக் கீழே நின்றுகொண்டான்.

"அண்ணே, நான் வந்துட்டேன்."

"தம்பி..." என்றார் மேலண்ணன். வாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் அது கேட்டது. "எனக்கு எதுவுமே தெரியல தம்பி. எங்க இருக்கேன்னே தெரியல."

"நான் சொல்றேன். கேளுங்க. கை அசைக்காதீங்க... காத்து குறையட்டும்... இப்போ. பள்ளிக்கூடப்பக்கம் ரெண்டடி. மெதுவா. ஒண்ணரை... ஒண்ணு... நில்லுங்க. காத்து... இருங்க... இருங்கண்ணே... இப்போ கிடங்குப்பக்கம் ஒரு அடி. அரை. நிதானம்..."

பலகை அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி உள்ளே வந்தது. அதில் அவன் முகமும் மைத்துனன் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. அவன் குரல் மட்டும் ஆடவில்லை. "இறக்குங்க... நாலு விரல்... மூணு... ரெண்டு... உட்கார்ந்துடுச்சு. கொக்கியைத் தளர்த்துங்கண்ணே. முடிஞ்சுது."

கீழே யாரோ கை தட்டினார்கள். ஒருவன் தட்டியதும் பலர் தட்டினார்கள். இவனுக்கு அந்தச் சத்தம் செருப்படி மாதிரி விழுந்தது.

மேலண்ணன் இறங்க அரைமணி நேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் காலை நீட்டித் துழாவி, கிடைத்ததும் ஊன்றி, அப்புறம் அடுத்தது. எத்தனையோ நாளாக அப்படித்தான் இறங்கியிருக்கிறார். இன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். தரைக்கு வந்ததும், "தம்பி எங்க?" என்று கேட்டார். இவன் பக்கத்திலேயே நின்றும் பதில் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்து ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

மைத்துனன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எத்தனை நாளா மாமா?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசம்," என்றான் அவன். விரல் விட்டு எண்ணவில்லை, எண்ணுவது போல உதடு மட்டும் அசைந்தது. "எனக்குப் பொண்ணு பிறந்த அன்னிக்கும் நான் கட்டு கட்டினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துதுன்னு கொக்கிக்குக் கீழ நின்னு குதிச்சேன். நீங்க கட்டிப் பிடிச்சீங்களே மாமா."

"அதனாலதான் மாப்ள நான் ஒருநாள்கூட லீவு..."

"வேணாம்," என்றான் அவன். மரியாதை குறையாமல்தான் சொன்னான். அதற்கப்புறம் 'மாமா' என்று சேர்க்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இரும்பு கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், எட்டு மாதமாக அந்தக் கொக்கிக்குக் கீழே நடந்தவர்கள் எல்லோரும். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

வீட்டுக்குப் போனபோது சாயங்காலம். மனைவி சலவைக் கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் கேட்காததிலேயே தம்பி பேசிவிட்டான் என்று தெரிந்தது.

அவன் செருப்பைக் கழற்றாமலே நின்றான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்று மட்டும்தான் வாய்க்கு வந்தது.

"நானும் அங்கதானே நின்னேன். தினமும் அதே கொக்கிக்குக் கீழதானே நானும் நின்னேன்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குப் பழக்கம் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்க தெரிஞ்சு நின்னீங்க. அவன் தெரியாம நின்னான்."

எழுந்து, கைப்பையை எடுத்தாள். தம்பி வீட்டுக்குப் போகிறாள் என்று புரிந்தது. அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அது கேட்காமல் போன பிறகும் அவன் அப்படியே நின்றான்.